தெற்கு அடிவானத்தில் ஆல்ஃபா சென்டாரி: முதல்முறை தேடுபவர்களுக்கு

சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். இரவு வானத்தின் பிரகாசமான நட்சத்திரங்களில் அதற்கு மூன்றாவது இடம். சிரியஸும் அகத்திய நட்சத்திரமும்தான் அதற்கு முன்னால் நிற்கின்றன. இருந்தும் வானம் பார்க்கும் பழக்கம் உள்ள பலரே இதைப் பார்த்ததில்லை. அது தென்வானத்தில் வெகு ஆழத்தில் இருப்பதுதான் காரணம். டெல்லியில் அது அடிவானத்துக்கு மேலே ஒரு பாகைகூட எழும்பாது. லண்டனிலும் டொராண்டோவிலும் எழவே எழாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை; நமக்கு அது ஒழுங்காக உதித்து, தெற்கில் ஒரு சிறிய வளைவு போட்டு, மறைகிறது.

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். செலவும் இல்லை. சரியான நேரமும் தடையில்லாத தெற்குத் திசையும் இருந்தால் போதும். புதியவர்கள் கோட்டைவிடுவது இந்த இரண்டில்தான், நட்சத்திரத்தை அடையாளம் காண்பதில் அல்ல. அதனால் இந்தக் கட்டுரையில் கணிசமான பகுதி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் பேசுகிறது.

எதைப் பார்க்கப் போகிறோம்

கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும் அங்கே இருப்பவை இரண்டு நட்சத்திரங்கள். பெரியதை ஏ என்றும் சிறியதை பி என்றும் சொல்கிறார்கள். ஏ கிட்டத்தட்ட நம் சூரியனேதான்: அதே நிறமாலை வகை (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து நட்சத்திரங்களை வகுக்கும் முறை), மேற்பரப்பு வெப்பம் அதே சுமார் 5,800 கெல்வின், நிறை சூரியனைப்போல் 1.1 மடங்கு, வெளிவிடும் ஒளி ஒன்றரை மடங்கு. பி கொஞ்சம் சிறியது, கொஞ்சம் குளிர்ந்தது, ஆரஞ்சு நிறம். சூரியனில் பாதி அளவுக்கு ஒளி தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன.

தூரம் 4.37 ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 41 லட்சம் கோடி. அங்கிருந்து ஒளி வந்து சேர நாலு வருடமும் நாலு மாதமும் ஆகும். வானத்தில் நாம் வெறும் கண்ணால் பார்க்கும் எந்த நட்சத்திரமும், சூரியனைத் தவிர, இவ்வளவு பக்கத்தில் இல்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கைப்பேசிச் செயலிகளில் ‘ஆல்ஃபா சென்டாரி’ என்று தேடினால் சிலவற்றில் வேறு பெயர் வரும். ஏ-வுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் ரிஜில் கென்டாரஸ், பி-க்கு டோலிமான். திரையில் ரிஜில் கென்டாரஸ் என்று எழுதியிருந்தால் அதுதான் நாம் தேடும் ஆள். பக்கத்தில் இருக்கும் பீட்டா சென்டாரிக்கு ஹடார் என்று பெயர் போட்டிருக்கும்.

எந்த மாதம், எத்தனை மணி

ஒரு நட்சத்திரம் நேர் தெற்கில் வரும்போதுதான் அதிக உயரத்தில் இருக்கும். ஆல்ஃபா சென்டாரிக்கு இந்த நேரம் மிகவும் முக்கியம், ஏனென்றால் அதன் அதிகபட்ச உயரமே குறைவு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது உச்சத்துக்கு வரும் நேரம் தோராயமாக இப்படி: பிப்ரவரி 15-இல் விடிகாலை 5:10, மார்ச் 15-இல் 3:20, ஏப்ரல் 15-இல் நள்ளிரவு தாண்டி 1:20, மே 15-இல் இரவு 11:20, ஜூன் 15-இல் இரவு 9:20, ஜூலை 15-இல் மாலை 7:20. மாதம் ஒன்று போனால் இரண்டு மணி நேரம் முன்னதாக வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற தேதிகளை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் பத்து நிமிடம் முன்பின் இருக்கும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடிகாரப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாக வரும்.

உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வரை தாராளமாகப் பார்க்கலாம். அதற்கு வெளியே போனால் அது அடிவானப் புழுதியில் மங்கிவிடும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஜூன் மாதம்தான் வசதி என்று தோன்றும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடிக்குப் போனால் நட்சத்திரம் காத்திருக்கும். ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்று காலம். மழை பெய்யாத ஊர்களில்கூடத் தாழ்வான மேகம் அடிவானத்தை மூடிக்கொண்டே இருக்கும். நமக்குத் தேவையானதோ அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள அந்தத் துண்டு வானம்தான். மே மாதம் பரவாயில்லை, ஆனால் கத்திரி வெயில் நாட்களில் கடலோரங்களில் புழுக்கமும் மூட்டமும் சேர்ந்து தெற்கு வெளிறிப்போய் இருக்கும். ஏதாவது ஒரு கோடைமழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு அமைந்தால் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரையுள்ள விடிகாலைதான் முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும், தெருவில் விளக்குகள் குறைந்திருக்கும், மார்ச் வரை வெப்பமும் தொல்லை தராது. அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கஷ்டம். எழ முடியாதவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் நல்ல சமரசம்.

நிலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சரியாக இருக்கும். சித்ரா பௌர்ணமியும் வைகாசி விசாகமும் இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. அந்த நாட்களில் வானம் முழுக்க நிலவொளியாக இருக்கும். ஆல்ஃபா சென்டாரி பிரகாசமானது என்பதால் நிலவொளியிலும் தெரியும், ஆனால் அதை அடையாளம் காட்டும் துணை நட்சத்திரங்கள் அமுங்கிவிடும். முதல்முறை தேடுபவருக்கு அது சிரமம்.

உங்கள் ஊரில் எவ்வளவு உயரம்

29-இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழியுங்கள். வரும் எண்தான் ஆல்ஃபா சென்டாரி அடிவானத்திலிருந்து எழும்பும் அதிகபட்ச உயரம், பாகையில். சென்னைக்கு 16, புதுச்சேரிக்கு 17, கோவைக்கு 18, மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 19-ஐ ஒட்டி, கன்னியாகுமரிக்கு 21, கொழும்புக்கு 22. கோலாலம்பூரில் 26, சிங்கப்பூரில் 28-ஐ நெருங்குகிறது. சிட்னியிலும் மெல்போர்னிலும் இருப்பவர்கள் இந்தக் கணக்கே போட வேண்டாம். அங்கே அது மறைவதே இல்லை, ஆண்டு முழுவதும் எல்லா இரவும் எங்காவது தெரியும்.

பாகையை எப்படி அளப்பது? கையை முழுவதுமாக முன்னால் நீட்டி விரல்களை முட்டியாக மடக்குங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்த முட்டியின் உயரம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். குழந்தைகளுக்குக் கை சிறியது, முட்டியும் சிறியது, அதனால் அவர்களுக்கும் இதே அளவுதான் வரும். அடிவானத்தின்மேல் ஒரு முட்டியை வைத்து, அதன்மேல் இன்னொன்றை அடுக்குங்கள். சென்னைக்காரருக்கு ஒன்றரை முட்டி உயரத்தில், கன்னியாகுமரியில் நிற்பவருக்கு இரண்டு முட்டி உயரத்தில் நட்சத்திரம் இருக்கும்.

இடம் பார்த்து வைத்தல்

இதைப் பகலிலேயே செய்துவிடுங்கள். மொட்டை மாடியில் நின்று நேர் தெற்கு எது என்று பாருங்கள். கைப்பேசியில் உள்ள திசைகாட்டி போதும். நம் பகுதியில் காந்தத் தெற்குக்கும் உண்மையான தெற்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கைப்பேசியை எட்டு போடுவதுபோல் ஒரு முறை சுழற்றிவிட்டு, இரும்புக் கைப்பிடிச் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டிக் கம்பிகளிலிருந்தும் விலகி நின்று பாருங்கள். கோயில் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதுகூட வேண்டாம். தெற்கு மாட வீதி எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே திசை கிடைத்துவிடும்.

தெற்கு தெரிந்ததும், முட்டி அளவை வைத்து அந்த உயரத்தில் என்ன மறைக்கிறது என்று பாருங்கள். சென்னை உயரத்தில், உங்கள் கண் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் எழும்பி நிற்கும் ஒரு கட்டடம் 35 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் நட்சத்திரத்தை முழுவதுமாக மறைத்துவிடும். அதாவது எதிர்வீட்டில் மூன்று மாடி கட்டியிருந்தால் தரையில் நின்று பார்ப்பது வீண். நேர் தெற்கு மறைந்திருந்தாலும் அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு முட்டி அகலத்துக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உச்ச நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ அந்த இடைவெளியில் பிடித்துவிடலாம். முன்னால் என்றால் இடப்பக்க இடைவெளி, பின்னால் என்றால் வலப்பக்கம்.

ஊர் விளக்குகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதும் முக்கியம். ஊருக்கு வடக்கே இருக்கும் கிராமத்திலிருந்து பார்த்தால் ஊரின் வெளிச்சம் முழுக்கத் தெற்கில்தான் தெரியும். ஊரைத் தாண்டித் தெற்கே போய் நின்றால் அதே வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இது பலருக்கும் தோன்றுவதில்லை. கிழக்குக் கடற்கரையில் கடல் கிழக்கே இருப்பதால் தெற்கில் கரைதான் தெரியும், மீன்பிடித் துறையின் விளக்குகளோடு. தெற்கே கடல் விரிந்திருக்கும் இடங்கள், கன்னியாகுமரி மாதிரி, இலங்கையில் காலி முதல் அம்பாந்தோட்டை வரையுள்ள கரை மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம். இரவில் கடற்கரைக்குப் போவதானால் தனியாகப் போகாதீர்கள், அங்கே எத்தனை மணிவரை இருக்கலாம் என்று உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஒரு நாற்காலி, கொசுவுக்கு ஏதாவது, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். செயலி வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியம் நல்லது. அதில் ஊரையும் நேரத்தையும் பொருத்தி வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். மாடியில் நின்றுகொண்டு கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கண் இருட்டுக்குப் பழகவே பழகாது. பழகுவதற்கு 20 நிமிடமாவது வேண்டும்.

வானத்தில் தேடும் வழி

சரி, இப்போது மே நடுவில் ஒரு தெளிவான இரவு, ஒன்பது மணி சுமாருக்குத் தெற்கு நோக்கி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தலைக்கு மேலே தொடங்குங்கள். கிழக்குப் பக்கம் உயரத்தில் செம்மஞ்சளாக ஒளிரும் பெரிய நட்சத்திரம் சுவாதி. அதற்கு வலப்பக்கம், தெற்கு நோக்கி இறங்கினால் நீலவெண்மையாகச் சித்திரை. சித்திரைக்குச் சற்று வலப்பக்கம் கீழே, நாலு நட்சத்திரங்கள் கோணலான சதுரமாக நிற்பது அஸ்தம். இந்தப் பெயர்கள் பஞ்சாங்கத்தில் எல்லோருக்கும் பழக்கம், ஆனால் வானத்தில் எது எது என்று காட்டச் சொன்னால் தடுமாறுவோம். ஆல்ஃபா சென்டாரியைத் தேடும் சாக்கில் இவற்றையும் கற்றுக்கொள்வது நல்ல லாபம்.

அஸ்தத்திலிருந்து நேர் கீழே இறங்குங்கள். ஏறக்குறைய மூன்றரை முட்டி இறங்கியதும் அடிவானத்துக்கு மேலே ஒரு சிறிய சிலுவை நிற்கும். அதுதான் தெற்குச் சிலுவை, நம் மரபில் திரிசங்கு. வானத்தின் 88 விண்மீன் கூட்டங்களில் மிகச் சிறியது இது. மேலிருந்து கீழாக 6 பாகைதான், நீட்டிய கையின் நாலு விரலை ஒட்டி வைத்தால் அடங்கிவிடும். பட்டம் ஒன்று நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். புகைப்படங்களில் பார்த்துப் பெரிதாக எதிர்பார்ப்பவர்கள் அதன் சின்ன உருவத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சிலுவை கிடைத்ததும் அதற்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே பாருங்கள். இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்கு இடையே நாலரை பாகை, நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பது பீட்டா சென்டாரி. அதற்கும் இடப்பக்கம், இன்னும் பிரகாசமாக இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. இந்த நேரத்தில் அது சற்றுத் தாழ்வாகத்தான் இருக்கும். அங்கேயே இருந்து பதினொன்றரை வரை பார்த்தால் சிலுவை வலப்பக்கம் சாய, அது மெல்ல மேலேறி நேர் தெற்கில் வந்து நிற்கும்.

பிப்ரவரி, மார்ச் விடிகாலையில் தேடுபவர்களுக்கு ஆரம்பப் புள்ளி வேறு. தென்கிழக்கில் விருச்சிகம் முழுசாக எழுந்து நிற்கும், அதன் நடுவில் சிவந்த கேட்டை. கேட்டையிலிருந்து பார்வையை வலப்பக்கம் கீழே தெற்கு நோக்கி இறக்கினால் அந்த இரட்டை நட்சத்திரங்கள் எதிர்ப்படும். சிலுவை அவற்றுக்கு வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும்.

ஏமாற்றும் சிலுவை

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மார்ச் மாத மாலைகளில் எட்டரை, ஒன்பது மணிக்குத் தெற்கில் பார்த்தால் ஒரு சிலுவை அழகாக நிமிர்ந்து நிற்கும். அது உண்மையான தெற்குச் சிலுவை அல்ல. வேலா, கரினா என்ற இரண்டு விண்மீன் கூட்டங்களின் நட்சத்திரங்கள் சேர்ந்து தற்செயலாக அமைந்த உருவம். போலிச் சிலுவை என்றே அதற்குப் பெயர். உண்மையானதைவிடப் பெரியது, மங்கலானது. அதைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் தேடினால் இரட்டை நட்சத்திரங்கள் வராது, தேடுபவர் நொந்துபோவார்.

அதனால் சோதனை ஒன்றே ஒன்றுதான். சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அதை நோக்கிச் சுட்டிக்காட்டுவதுபோல் இருந்தால் அது அசல். இல்லையென்றால் போலி. ஆங்கிலம் பேசும் தென்கோள நாடுகளிலும் இவ்விரண்டையும் சுட்டிகள் என்றுதான் அழைக்கிறார்கள்.

அகத்திய நட்சத்திரத்தை ஆல்ஃபா சென்டாரி என்று நினைத்துவிடுவதும் உண்டு. அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை மாலையில் தெற்கில் தனியாக, மிகப் பிரகாசமாக நிற்கும். பக்கத்தில் ஜோடி இல்லை என்பதே வித்தியாசம். அது தென்மேற்கில் சரியும் நேரத்தில்தான் ஆல்ஃபா சென்டாரி தென்கிழக்கில் எழும்பத் தொடங்கும்.

கிடைத்த பிறகு எதைக் கவனிப்பது

புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குப் பிரகாசமாக அது தெரியாது, மனம் தளர வேண்டாம். தலைக்கு மேல் உள்ள நட்சத்திரத்தைவிட மூன்று நாலு மடங்கு தடிமனான காற்றைத் துளைத்துக்கொண்டு அதன் ஒளி வருகிறது. அதனால்தான் மங்கலும், அதிக மினுமினுப்பும், சில சமயம் நிறம் மாறி மாறித் துள்ளுவதும்.

நிறத்தைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சாதாரணப் பைனாகுலரில் நட்சத்திரத்தைப் பிடித்து, ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி ஒரு வட்டமாக விரியும், நிறம் பளிச்சென்று தெரியும். ஆல்ஃபாவில் வெளிர்மஞ்சள், பீட்டாவில் நீலம் கலந்த வெண்மை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பீட்டா சென்டாரி சுமார் 390 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, ஆல்ஃபாவைவிடக் கிட்டத்தட்ட 90 மடங்கு தள்ளி. அவ்வளவு தூரத்திலிருந்தும் ஏறக்குறைய போட்டிபோடும் அளவுக்கு ஒளிர்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட ராட்சசன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிவது என்பது உண்மையில் எவ்வளவு அர்த்தமற்றது என்பதை இந்த ஜோடியைவிட நன்றாகக் காட்டும் இடம் நம் வானத்தில் இல்லை என்பது என் கருத்து.

பைனாகுலர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டிக்குச் சற்று அதிகமாக இறங்கினால் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. பஞ்சுபோல் மங்கலான ஓர் உருண்டை தெரியும். அதில் இருப்பவை பல லட்சம் நட்சத்திரங்கள். ஆல்ஃபாவைவிட உயரத்தில் இருப்பதால் மூட்டத்தில் சிக்காது.

படம் எடுக்க விரும்புபவர்கள் கைப்பேசியை ஏதாவது ஒரு தாங்கியில் வைத்து, இரவுப் பயன்முறையில் 10 நொடி திறந்து வைத்தாலே சிலுவையும் இரண்டு சுட்டிகளும் ஒரே சட்டத்தில் விழும். கையில் பிடித்து எடுத்தால் வராது.

ஒன்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தல்

ஏ-வையும் பி-யையும் தனித்தனியாகப் பார்க்கப் பைனாகுலர் போதாது, சிறிய தொலைநோக்கி வேண்டும். 60, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆரம்பநிலைத் தொலைநோக்கியே போதுமானது. உருப்பெருக்கத்தை 80 மடங்குக்கு மேல் வையுங்கள். உச்ச நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னும் பின்னும் மட்டும் முயலுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் மாடியிலிருந்து இரவு முழுக்கச் சூடு கிளம்பிக்கொண்டிருக்கும், அது உருவத்தைக் கலங்கடிக்கும். மண்தரை நல்லது. முதல் பார்வையில் கொதிக்கும் ஒரு மஞ்சள் குழம்புதான் தெரியும். கண்ணை எடுக்காமல் காத்திருந்தால் காற்று ஒரு நொடி அடங்கும்போது இரண்டு புள்ளிகள் பிரிந்து நிற்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

இதற்கு இந்த வருடங்கள் நல்ல காலம். இரண்டுக்கும் இடையே வானத்தில் தெரியும் இடைவெளி 2016-இல் 4 விகலைதான் இருந்தது. ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அதன்பிறகு அகன்று இன்று அதைப்போல் இரண்டு மடங்கை எட்டியிருக்கிறது. ஆனால் இது நிலைக்காது. 2035-இல் இரண்டும் தங்கள் பாதையில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வரும். அதை ஒட்டிய ஆண்டுகளில் நம் பார்வைக்கும் இடைவெளி சுருங்கி, நம் உயரத்தில் பிரித்துப் பார்ப்பது படாதபாடாகிவிடும். தொலைநோக்கி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இது இரட்டை என்று உலகுக்குத் தெரிந்ததே நம் பக்கத்திலிருந்துதான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், அப்போது வானில் தோன்றிய ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஆட்சி கவிழ்ந்து, அங்கிருந்து வெளியேறி வந்தவர் அவர். வால் நட்சத்திரத்தைத் தொடர்ந்தபோது அருகில் இருந்த ஆல்ஃபா சென்டாரி இரண்டாகப் பிரிந்து தெரிவதைக் கண்டு எழுதிவைத்தார். டிசம்பரில் அந்த நட்சத்திரம் விடிவதற்குச் சற்று முன்னால் தென்கிழக்கில் தாழ்வாகத்தான் இருக்கும். இன்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வைத்து அதைச் செய்ய முயன்றால் தெருவிளக்குகளே விடாது.

மூன்றாவது ஆள்

இந்தக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு, பிராக்சிமா சென்டாரி. 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தது. 4.24 ஒளியாண்டு தூரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் என்ற பட்டம் உண்மையில் இதற்குத்தான். ஆனால் இது சூரியனைப் போன்றது அல்ல, செங்குள்ளன் எனப்படும் சிறிய, சிவந்த, மங்கலான நட்சத்திரம். வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது, நம் ஊர் உயரத்தில் சிறிய தொலைநோக்கியிலும் கிட்டத்தட்ட முடியாது. ஏ, பி இரண்டிலிருந்தும் வானத்தில் இரண்டு பாகைக்கு மேல் தள்ளியிருப்பதால், பக்கத்தில் தெரியும் ஏதோ ஒரு சின்னப் புள்ளியை அதுவென்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

கோள்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிராக்சிமாவுக்குப் பூமியை ஒத்த நிறையுள்ள ஒரு கோள் இருப்பது 2016-இல் அறிவிக்கப்பட்டது; 11 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைச் சுற்றிவிடுகிறது. பி-க்கு ஒரு கோள் இருப்பதாக 2012-இல் பரபரப்பானது, மூன்று ஆண்டுகளில் அது தரவுகளின் மாயம் என்று தெரிந்துபோனது. ஏ-வைச் சுற்றி ஒரு வாயுக்கோள் இருக்கலாம் என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஒருமுறை தெரிந்த புள்ளி அடுத்த இரண்டு முறை தெரியவில்லை என்பதால் அது இன்னும் ‘இருக்கலாம்’ என்ற நிலையில்தான் இருக்கிறது.

வடக்கே வாழ்பவர்களுக்கு

லண்டன், பாரிஸ், டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஆல்ஃபா சென்டாரி கிடையாது. ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே பார்க்கக்கூடிய, சூரியனைப் போன்ற பக்கத்து நட்சத்திரம் டாவ் சீட்டி. 11.9 ஒளியாண்டு தூரம், சூரியனில் பாதி ஒளி, துணை நட்சத்திரம் இல்லாத தனி ஆள். பிரகாச எண் 3.5 (இந்த எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) என்பதால் பெருநகர வெளிச்சத்தில் கஷ்டம். புறநகருக்குப் போக வேண்டியிருக்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கைப் பாருங்கள். டொராண்டோவில் மூன்று முட்டி உயரம், லண்டனில் இரண்டேகால். தெற்குக்குச் சற்று வலப்பக்கம், கிட்டத்தட்ட அதே உயரத்தில், அந்தப் பகுதியிலேயே பிரகாசமாகத் தனியாக ஒன்று இருக்கும், அதன் பெயர் டிஃப்டா. அதிலிருந்து இடப்பக்கம் ஒன்றரை முட்டி நகர்ந்தால் டாவ் சீட்டி. சுற்றிலும் அதைவிட மங்கலான சிலவற்றைத் தவிர வேறொன்றும் இல்லாததால் குழப்பம் வராது. தமிழ்நாட்டில் டிசம்பர் மழை ஓய்ந்ததும், ஜனவரி முதல் வாரத்தில் மாலை ஏழு மணிக்கு இதைத் தேடலாம். இங்கே அது ஆறு முட்டி உயரத்தில், மூட்டத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

1960-இல் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு வேற்றுக்கிரகச் சமிக்ஞை ஏதாவது வருகிறதா என்று முதன்முதலாகக் கேட்டுப்பார்த்தபோது குறிவைத்த இரண்டு நட்சத்திரங்களில் இது ஒன்று. மற்றது எப்சிலான் எரிடானி, 10.5 ஒளியாண்டு. அதையும் பார்க்க ஆசை இருந்தால் டாவ் சீட்டியைப் பிடித்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அது நேர் தெற்குக்கு வரும், டாவ் சீட்டி நின்ற இடத்தைவிட அரை முட்டிக்கும் சற்று அதிக உயரத்தில்.